ஒரு நேரத்தில் ஒன்றுதான்

ரயில் கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது. திரை கறுப்பாகவே இருந்தது. அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நாற்காலியில் முன்னால் சரிந்து, அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசில் ஊதியது, சக்கரங்கள் உருண்டன, ஏதோ ஸ்டேஷனில் யாரோ அறிவிப்புகூடச் செய்தார்கள். ரயில் எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருந்தது, எங்கள் வீட்டில் மட்டும் தெரியவில்லை. நான் வேலையிலிருந்து வந்து கைப்பையைக்கூடக் கீழே வைத்திருக்கவில்லை. மேசையெல்லாம் திருகாணி. கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடி என் கட்டிலின் மேல் கிடந்தது. காலையில் நான் எடுத்து வைத்துவிட்டுப் போன மத்தியானச் சாப்பாடு மூடியது மூடியபடி இருந்தது.

"படம்தான் வரல, சத்தம் வருது பாரு. நேத்து அதுவும் இல்ல," என்றாள் அம்மா. ஏதோ பிள்ளை பரீட்சையில் பாஸாகிவிட்டது போல அவ்வளவு பெருமை அந்தக் குரலில்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள். நாள் முழுக்க ஒரு மயிரிழை பிசகினாலும் வாடிக்கையாளர் தலைவலி என்று திரும்பி வருவார். அந்த வேலையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கே இன்னொரு தலைவலி. ஒரு விளையாட்டு ஓடுவதற்கு மனுஷி எதற்கு டார்ச்சும் ஸ்குரூ டிரைவருமாக உட்கார வேண்டும் என்று கத்தினேன். அம்மா என்னைச் சட்டை செய்யவே இல்லை. "சாப்பிட்டியா?" என்று என்னைக் கேட்டாள். அந்தக் கேள்வியை நானல்லவா அவளைக் கேட்க வேண்டும்.

அம்மா தொலைபேசி அலுவலகத்தில் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தவள். ஊரில் யார் வீட்டு லைன் செத்தாலும் புகார் அவள் மேசைக்குத்தான் வரும். ஓய்வுபெற்ற கையோடு அந்த ரயில் ஓட்டும் விளையாட்டை வாங்கினாள். பிறகு பக்கவாதம் வந்தது. கால் ஒருவழியாகத் தேறிவிட்டது, இடது கை தேறவில்லை. வலது கையால் அதைத் தூக்கி மேசைமேல் வைத்துக்கொள்வாள், கடைக்கு எடுத்துப்போகும் பையை வைப்பதுபோல. படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்ததும் அவள் முதலில் கேட்டது அந்தக் கம்ப்யூட்டரைத்தான். அதுவோ அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் தன் பாட்டுக்கு அப்டேட் ஆகி, பழைய விளையாட்டு எதையும் அடையாளம் தெரியாததுபோல நின்றது.

அன்று ஆரம்பித்தது வம்பு. ஒரு நாள் ஏதோ ஒரு கோப்பைக் காணோம் என்றது. அதைத் தேடிப் போட்டால், இதைத் திறக்க உனக்கு அனுமதி இல்லை என்றது. அவள் வீட்டில், அவள் காசில் வாங்கிய பெட்டி, அவளுக்கே அனுமதி மறுத்தது. அனுமதி வாங்கப் போனால் கடவுச்சொல்லைக் கேட்டது. கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தால், படத்தைத் திரையில் காட்டுகிற டிரைவர் என்ற மென்பொருள் பழையது என்றது. ரயிலுக்கு டிரைவர் நான்தானே, நானும் பழையதுதான் என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாம் சரியாகி ஒருவழியாக ரயில் தெரிந்த அன்று, அது முதல் ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் மறுபடியும் அப்டேட் கேட்டு அணைந்துபோனது.

அண்ணன் வேறு ஊரில் இருக்கிறான். இதையெல்லாம் போனில் கேட்டுவிட்டு, ஒரு கேம் கன்சோலை வாங்கி அனுப்பிவிட்டான். டிவியில் சொருகி, பட்டனை அமுக்கினால் போதும், குழந்தைகூட ஓட்டும் என்றான். பொய் இல்லை. அட்டைப் பெட்டியைப் பிரித்த சூடு ஆறுவதற்குள் எங்கள் டிவியில் பளபளவென்று ஒரு ரயில் ஓடியது. மழை பெய்தது, ஜன்னலில் துளி வழிந்தது. அம்மாவின் கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிப் பெண்ணுக்கும் அது பிடித்துப்போனது. ரெண்டு கையாலும் பிடிக்க வேண்டிய கருவி, ரொம்ப நல்லது என்றாள். அம்மா விருந்தாளி வீட்டில் உட்கார்ந்திருப்பவள்போல இரண்டு நாள் மரியாதையாக ஓட்டினாள். மூன்றாம் நாள் அதைத் துணியால் மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "அதுல நமக்கு என்ன வேலை இருக்கு? அதுவே எல்லாத்தையும் பண்ணிக்குது," என்றாள்.

அவளுக்கு ஒரு முறை உண்டு. பழுது என்று வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள். மாற்றிவிட்டு அணைப்பாள், போடுவாள், பார்ப்பாள். தப்பென்றால் முன்பிருந்தபடியே திருப்பி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாள். பார்க்கிற நமக்கு மண்டை காய்ந்துவிடும். ஏம்மா, நாலையும் சேர்த்து மாத்திட்டா சீக்கிரம் முடியுமே என்றால், முடியும், ஆனா எது கெட்டிருந்ததுன்னு கடைசிவரைக்கும் தெரியாது என்பாள். தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நான் முணுமுணுப்பேன்.

இதற்கிடையில் அவள் இடது கை மெல்ல மெல்லப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. பிசியோதெரபிப் பெண் தன் விரலைக் கொடுத்து அழுத்தச் சொல்வாள், பிறகு புருவத்தை உயர்த்துவாள். என்ன பயிற்சி செய்தீங்க என்று கேட்டால் அம்மா கூசாமல் பந்து பிசைகிறேன் என்பாள். பந்து சோபாவுக்கு அடியில் கிடந்து தூசி படிந்தது எனக்குத் தெரியும். நான் அந்தத் தூசியைப் பார்த்தேனே தவிர, கை எப்படித் தேறியது என்று யோசிக்கவில்லை. மக்குப் பிளாஸ்திரி என்று என்னைச் சும்மாவா சொன்னார்கள் பள்ளிக்கூடத்தில்.

ஒரு சாயங்காலம் நான் வந்தபோது அம்மா மேசைக்கடியில் கிடந்தாள். ஒயரைப் பார்க்கக் குனிந்தவள் நாற்காலி நழுவி விழுந்திருக்கிறாள், எழுந்துகொள்ள முடியவில்லை. மூஞ்சியில் ஒரு பக்கம் கன்றிப்போயிருந்தது. எவ்வளவு நேரமாகக் கிடந்தாள் என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை. அவளைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, குளியலறையில் போய் அழுதேன். மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர்காரரை வரவழைத்தேன்.

நல்ல மனுஷன், வேலையும் தெரிந்தவர். உள்ளே இருந்த குப்பையெல்லாம் துடைத்தெடுத்து, ஒரு புது பாகத்தை மாட்டி, அப்டேட்டுக்கெல்லாம் பூட்டுப் போட்டு, திரையில் ஒரே ஒரு ரயில் படத்தை மட்டும் விட்டுவைத்தார். அதைத் தொட்டால் ரயில் ஓடும். இனி நீங்க இதைத் திறக்கவே வேணாம்மா, கன்சோல் மாதிரியே ஆக்கிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அவருக்கு நன்றி சொன்னாள். திருகாணிகளை நானே பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் மேல் தட்டில் வைத்தேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கொஞ்ச நாள் ஓட்டினாள். பிறகு சாப்பாட்டுக்கு முன் சும்மா ஒருமுறை தொட்டுப் பார்ப்பாள், ரயில் வந்ததும் அணைத்துவிடுவாள். பிறகு அதுவும் இல்லை. பகலிலும் படுக்க ஆரம்பித்தாள். நான் வரும்போது சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். தூங்கினாயா என்றால் இல்லை என்பாள், உடம்பு சரியில்லையா என்றால் அதற்கும் இல்லை என்பாள். வீடு சுத்தமாக இருந்தது. காலில் குத்த ஒரு திருகாணிகூட இல்லை. வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும் என்று அண்ணன் போனில் சொன்னான். அவனிடம் எரிந்து விழுந்தேன்.

பிசியோதெரபிப் பெண் விரலைக் கொடுத்தாள், அம்மா அழுத்தினாள், புருவம் உயரவில்லை. என்னை வாசல்வரை அழைத்துப்போய், இப்படியே விட்டா கை பழையபடி ஆயிடும், அப்புறம் நான் வந்து பிரயோஜனம் இல்லை என்று நேராகவே சொன்னாள். முன்னாடி நல்லா இருந்தாங்களே, அப்போ என்னதான் செஞ்சிட்டிருந்தாங்க என்றும் கேட்டாள். கம்ப்யூட்டரோட சண்டை போட்டுட்டிருந்தாங்க என்று நான் ஏதோ வெறுப்பில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. மூடியைப் பிடித்துக்கொள்ள ஒரு கை, திருகாணியைச் சுழற்ற ஒரு கை. டார்ச்சைப் பிடிக்க ஒரு கை, ஒயரைச் சொருக ஒரு கை.

அடுத்த விடுமுறை நாளில், அம்மா குளிக்கப் போனதும் நான் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தேன். சொந்த வீட்டில் திருடுவதுபோல இருந்தது. அந்த விளையாட்டின் அமைப்புகளுக்குள் போனேன். படத்தை எந்தத் திரையில் காட்ட வேண்டும் என்று ஒரு இடம் இருந்தது. எங்களிடம் இருப்பது ஒரே திரை, நான் இரண்டாவது என்று மாற்றினேன். படம் பொசுக்கென்று போய்விட்டது. ஆனால் விசில் கேட்டது. விசில் கேட்டால் ரயில் ஓடுகிறது என்று தெரிந்துவிடும், தெரிந்தால் அம்மா ஒரு நிமிஷத்தில் பிடித்துவிடுவாள். அதனால் பின்னால் குனிந்து ஸ்பீக்கர் ஒயரைப் பாதி வெளியே இழுத்துவிட்டேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்காக ஒருதரம் அந்த ரயிலை ஓட்டிக் காட்டேன் என்று கெஞ்சினேன். வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்தாள். தொட்டாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி தொட்டாள். பிறகு, ரொம்ப நாளாக நான் கேட்காத ஒரு "ம்ம்?" அவள் தொண்டையிலிருந்து வந்தது. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அன்று காலை முழுவதும் நான் சமையலறையை விட்டு நகரவில்லை. டார்ச் எங்கே என்று ஒரு குரல் வந்தது, கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தப் பெட்டியைக் கொஞ்சம் திருப்பி வை, நான் குனியமாட்டேன், பயப்படாதே என்றாள், திருப்பி வைத்தேன். டார்ச்சை இடது கையில் செருகிக்கொண்டாள். அது இரண்டு தடவை விழுந்தது, இரண்டு தடவையும் அவளே எடுத்தாள். நான் எடுக்கப்போனபோது கையைத் தட்டிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் விசில் கேட்டது. அதன்பின் நெடுநேரம் ஒன்றுமில்லை. எனக்குள் ஒரே சந்தோஷம், அடுப்பில் இருந்தது அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. பிறகு படமும் வந்துவிட்டது போல, அறைச் சுவரில் வெளிச்சம் நகர்ந்தது. ஆனால் அம்மா ரயிலை ஓட்டவில்லை, அணைத்துவிட்டாள். என்னைக் கூப்பிட்டாள்.

"நீதானே?"

என்ன நான் என்று கேட்டேன். குரல் காட்டிக் கொடுத்துவிட்டது.

"ஒண்ணு கெட்டிருந்தா நம்பியிருப்பேன். செட்டிங் மாறும், ஒயர் தளரும், எல்லாம் நடக்கறதுதான். ரெண்டும் ஒரே நாள்ல நடக்காது. எங்க ஆபீஸ்ல ரெண்டு பழுது ஒண்ணா வந்தா, லைன்ல யார் கை வெச்சாங்கன்னுதான் முதல்ல கேப்போம்."

கையும் களவுமாக மாட்டிக்கொண்டு நின்றேன். அம்மாவின் முகம் சிவந்திருந்தது. அவள் மேசைக்கடியில் கிடந்த அன்றுகூட அவளை இவ்வளவு அவமானப்பட்டவளாக நான் பார்த்ததில்லை.

"என்னைப் பாத்தா உனக்குப் பாவமா இருக்கா?" என்றாள். "சின்னக் குழந்தைக்குப் பொம்மையை ஒளிச்சு வெச்சு விளையாட்டுக் காட்ற மாதிரி?"

"பாவமெல்லாம் இல்லம்மா. பயமா இருக்கு. நீ படுத்தா எழுந்துக்கவே மாட்டேங்கற. அந்தக் கை திரும்பவும் செத்துட்டிருக்கு. எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல." அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது. மீதியை மூக்கை உறிஞ்சிக்கொண்டே விழுங்கினேன்.

அம்மா என்னைத் தேற்றவில்லை. எப்போதும் அப்படித்தான், அழுதால் அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிடுவாள். தன் இடது கையைத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டார்ச்சின் விளிம்பு அழுத்திய வட்டம் அதில் பதிந்திருந்தது. அந்தக் கம்ப்யூட்டர்காரர் சரிபண்ணிவிட்டுப் போன அன்றைக்கு, ஓய்வுபெற்ற அன்று ஆபீஸில் மாலை போட்டு அனுப்பினார்களே, அதே மாதிரி இருந்தது என்றாள். ரயில் எந்த ஊருக்குப் போனால் எனக்கென்ன, நானா டிக்கெட் வாங்கியிருக்கிறேன் என்றும் சொன்னாள். அதற்கு நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை.

கருகிய வாடை வந்தது. போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தபோது அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள்.

"உக்காரு," என்றாள், தன் நாற்காலியைக் காட்டி. "ஒண்ணே ஒண்ணு மாத்து. ரெண்டு வேணாம். ஆனா யோசிச்சு மாத்து. சும்மா லேசா மாத்தி என்னைக் கேவலப்படுத்தாதே."

சுவரைப் பிடித்தபடி வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் உட்கார்ந்தேன். திரையில் அந்த ரயில் படம் இருந்தது. எதைக் கெடுப்பது என்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தப்பாக எதையாவது தொட்டு அவளாலும் மீட்க முடியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் நடுக்கம், ரொம்பச் சுலபமாக இருந்தால் கதவைத் திறந்து என்னைப் பார்க்கப்போகிற பார்வையை நினைத்து இன்னொரு பக்கம் நடுக்கம். அமைப்புகளைத் திறந்து மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தேன்.

"ஆச்சா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"இரும்மா," என்றேன்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. இடுக்கு வழியாக அம்மாவின் முதுகு தெரிந்தது. ஒளிந்து விளையாடும்போது எண்ணுகிறவர்கள் நிற்பதுபோல, எட்டிப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். தொங்கிக்கொண்டிருந்த இடது கையின் விரல்கள் நைட்டியின் ஓரத்தைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தன.