நானூறு கிராம் பால்மா

ஒரு இறாத்தல் பால்மா அடைத்த தகர ரின் ஐம்பத்து நாலு கிராம் குறைந்து நானூறு கிராமாகச் சுருங்கியது; விலை மட்டும் சுருங்கவில்லை. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் கனகசபாபதி, ஊர்காவற்றுறையில் தைத்த புதுக் கோட்டோடு வந்து கிராம், கிலோ என்ற புது மெற்றிக் முறைக்கு விளக்கக் கூட்டம் வைத்தார்.

தாய்ப்பால் வற்றிப்போன இராசேஸ்வரி எழுந்தாள். "அண்ணை, ரின்னிலை மா குறைஞ்சு போச்சே. பிள்ளைக்குக் காணாது."

"குறையேல்லைப் பிள்ளை, அளவுதான் மாறினது. நீர் இன்னும் வெள்ளைக்காரன்ரை இறாத்தலோடை நிக்கிறீர். உலகம் எங்கையோ போயிட்டுது!"

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. படிக்காதவள் என்று நினைப்பார்களே என்ற வெட்கத்தில் அவளும் சிரித்து வைத்தாள்.

கடையில் அடுத்த ரின் கொடுக்கும் நாளுக்கு முன்பே மா முடிந்தது. கஞ்சியை வடித்துப் போத்தலில் விட்டாள்; பார்வைக்குப் பால்போலத்தான் இருந்தது. கூட்டத்துக்குப் போகாத குழந்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுத் துப்பியது.