கண் திறந்த ரப்பர் மீன்கள்

1991 ஆயுத பூஜைக்கு மறுநாள், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டின் மூடிய கண்ணாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு ஆளுயர வஞ்சிரம் ஒன்று உள்ளே வந்தது. கடலிலிருந்து அவ்வளவு தூரமும் காற்றிலேயே நீந்தி வந்திருந்தது. அன்று மழைகூட இல்லை.

வெளிநாட்டார் கடல் தூண்டிலில் மாட்டும் பெரிய ரப்பர் மீன்களைச் செய்கிற ஷெட் அது. முழங்கை நீளம், தொட்டால் குழையும். தண்ணீரில் இழுத்தால் வாலாட்டும். பெரிய மீன்கள் நிஜமென்று ஏமாந்து கவ்வும். ரப்பர் மாதிரி குழைகிற பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ஊற்றுவது புஷ்பா, ஆறியதும் கண் ஒட்டுவது அவள் அக்கா தாயம்மா. உருக்குகிற புகை புஷ்பாவின் நெஞ்சில் இறங்கி, நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கியது. ஆனாலும் முதலாளி ஜானகிராமன் ஜன்னல்களை ஆணியடித்தே வைத்திருந்தார். ரப்பர் மீனின் பளபளப்பு போய்விடக் கூடாதே! அதன்மேல் தூசி படக் கூடாது, பெண்பிள்ளை புகையில் வேகலாம். நியாயத்தைப் பாருங்கள்.

"ஒரே ஒரு ஜன்னலைத் தொற சார். என் தங்கச்சி மூச்சு முட்டிகினு கீறா" என்று மூன்று வருஷமாகக் கேட்டாள் தாயம்மா.

"எக்ஸ்போர்ட் சரக்கும்மா. தூசி இருந்தா திருப்பி அனுப்பிடுவான்" என்பார் அவர்.

ஆயுத பூஜையன்று அச்சுகளுக்கெல்லாம் சந்தனம் வைத்த ஜானகிராமன், சுருண்டு இருமிய புஷ்பாவைப் பார்த்து, "பூஜை நேரத்துல அபசகுனமா இருமாதே" என்றார். தாயம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் ஊரில் அம்மன் சிலைக்குக் கண் திறக்கும்போது முதல் பார்வை ஆள்மேல் விழாமல் எதிரே கண்ணாடி பிடிப்பார்கள். தாயம்மா எலுமிச்சையை அறுத்து, செய்துவைத்திருந்த மீன்களுக்கெல்லாம் மையால் கண் திறந்தாள். கண்ணாடி பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் ஆணியடித்த ஜன்னலைப் பார்க்கத் திருப்பிவைத்தாள்.

விடிந்தபோது ரப்பர் மீன்கள் ஜன்னலில் முட்டி வாலாட்டிக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து பார்த்த வஞ்சிரத்துக்குப் பசி தாங்கவில்லை. பின்னாலேயே பாரையும் சீலாவும் வந்தன. ஜானகிராமன் ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டார், உடைந்தது. பலகை அடித்தார், அதுவும் உடைந்தது. கடைசியில் அவரே ஆளை வைத்து எல்லா ஜன்னல்களையும் பெயர்த்தெடுத்தார்.

"மனுஷி கேட்டா தொறக்கல, மீனு வந்து முட்னா தொறக்குறான்" என்றாள் தாயம்மா. அந்தக் கோபம் கடைசிவரை ஆறவில்லை. புஷ்பாவின் நெஞ்சும் முழுதாக ஆறவில்லை.

பிறகு ஷெட்டில் எல்லோரும் மீன்களுக்கு வழிவிட்டுக் குனிந்து நடக்கப் பழகிக்கொண்டார்கள். மீன் வராத நாளில் ஜானகிராமன் ஜன்னல் இருந்த இடத்தைப் பலகையால் மூடப் பார்ப்பார். தாயம்மா மைச்சிமிழைக் கையில் எடுப்பாள். அவர் பலகையைக் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார்.