உள்வாசல் நேரம்

திருவொற்றியூரில் அந்தக் கண்டெய்னர் யார்டுக்கு இரண்டு வாசல்கள். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. 2004-ஆம் வருஷம் இரண்டிலும் அட்டை தேய்க்கும் பெட்டி வைத்தார்கள். தேய்த்தால் 'பீப்' என்று கத்தும். மணி என்ன என்று மட்டும் சொல்லாது. அது நேராக மேனேஜர் அருள்பிரகாசத்தின் அறைக்குப் போய்விடும்.

அருள்பிரகாசத்தின் விசிட்டிங் கார்டில் பட்டங்களுக்கு நடுவே அவர் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெளிவாசல் கம்ப்யூட்டருக்கு, விற்றவனே ரெட்ஹேட் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டான். உள்வாசலுக்கு இவர் தன் கையாலேயே டெபியன் என்ற இன்னொரு வகை லினக்ஸ் போட்டார். "விவரமானவங்க டெபியன்தான் போடுவாங்க" என்று, கேட்காதவர்களிடமெல்லாம் சொன்னார்.

முதல் மாத ரிப்போர்ட்டில் யார்டு முழுக்க லேட். அவருக்குப் பரம திருப்தி. வடசென்னைக்காரர்கள் சோம்பேறிகள் என்று அவர் சொல்லிவந்ததைக் கம்ப்யூட்டரே ஒப்புக்கொண்டுவிட்டதே! நிரந்தர ஆட்கள் சங்கத்தைக் கூட்டிச் சத்தம் போட்டுத் தப்பித்தார்கள். மாட்டியவன் செங்குட்டுவன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்; இன்னும் டிரையலில் இருந்தான். அடுத்த மாதமும் லேட் என்றால் நிரந்தரம் கிடையாது, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

புளியந்தோப்பிலிருந்து முந்தின பஸ்ஸைப் பிடித்தான். எட்டு மணி வேலைக்கு இருபது நிமிஷம் முன்னாலேயே வந்து தேய்த்தான். ரிப்போர்ட்டில் பத்து நிமிஷம் லேட் என்றே வந்தது.

"இருட்டோட கெளம்பிகினு போற. அப்பவும் லேட்டுன்றாங்க. வழில எவளாண்ட பேசிகினு நிக்கிற?" என்றாள் மனைவி ரமாபாய்.

"அடப்போம்மே! பஸ்ல தொங்கிகினு போறதுக்கே உசுரு போவுது."

மாதக் கடைசியில் முதலாளி தங்கப்பாண்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மிளகாய் வத்தல் ஏற்றுமதியில் தொடங்கி யார்டு வரை வந்தவர்.

"ஏம்ல, நேரத்துக்கு வரமாட்டியோ?"

"சத்தியமா முன்னாடியே வந்துர்றேன் மொதலாளி. அந்தப் பொட்டிதான் பேஜாரு பண்ணுது."

அருள்பிரகாசம் சிரித்தார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது சார். கிரீன்விச் நேரத்தைச் சுத்தமா வச்சிட்டு ஊரைச் சொன்னா, அந்த ஊர் மணியை அதுவே கணக்குப் போட்டுக்கும். லிஸ்ட்ல சென்னை இல்லை. இந்தியாவுக்குன்னு கல்கத்தா மட்டும்தான் இருந்துச்சு. நாம எதுக்கு சார் கல்கத்தாவைப் போடணும்? மேப்பை விரிச்சு ஸ்கேல் வச்சு அளந்தேன். நமக்குக் கிட்ட இருக்கிறது கொழும்பு. சயின்டிஃபிக்கா கொழும்பையே போட்டுட்டேன்."

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கொழும்பயா போட்டீரு? வே, நான் தெனமும் கொழும்புக்குப் போன் போடுதேன். இலங்கைக்காரன் இப்பம் கடிகாரத்த நம்மளவிட அரைமணி முன்னால தள்ளி வச்சிருக்கான். நமக்கு எட்டுன்னா அவனுக்கு எட்டரைல்லா! அரைமணி முந்தியே கடையப் பூட்டிட்டுப் போயிருதான்னு நான் தலைல அடிச்சிக்கிட்டுக் கெடக்கேன்."



"அப்ப நான் லேட்டு இல்லியா மொதலாளி?"

"நீ சீக்கிரம்லா வந்திருக்கே! லேட்டு ஒன் மேனேஜர் மண்டைலல்லா."

 செங்குட்டுவன் கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தான். யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை.

அருள்பிரகாசம் உள்வாசலுக்கு ஓடினார். ரெட்ஹேட்டில் ஊரை எழுதி வைக்கும் கோப்பைப் போலவே ஒன்றை உண்டாக்கிக் கல்கத்தா என்று எழுதினார். டெபியன் கண்டுகொள்ளவே இல்லை. சுகமாகக் கொழும்பிலேயே இருந்தது. கம்ப்யூட்டர் விற்றவனுக்குப் போன் போட்டார்.

"அது ரெட்ஹேட் வழி சார். டெபியன் அந்த ஃபைலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதுக்குத் தனி கமாண்டு."

விவரமானவர் அந்தக் கமாண்டை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து தட்டினார். பின்னால் நின்ற முதலாளி, "பாத்துப் போடும்வே. இப்பம் காட்மண்டுக்குப் போயிராதேயும்" என்றார். கல்கத்தா வந்தது. திரையில் தெரிந்த மணியும் செங்குட்டுவனின் கைக்கடிகார மணியும் ஒன்றாயின.

நிரந்தர ஆர்டர் கைக்கு வந்த பிறகும் அவன் முந்தின பஸ்ஸிலேயே வந்தான். வாசலுக்கு எதிரே குப்பம்மா டீக்கடையில் காலை நீட்டி உட்காருவான்.

"இன்னா நைனா, வேலைக்குப் போவலியா?"

"டைம் கீதுக்கா."

இனி மேனேஜரும் உள்வாசலில் அட்டை தேய்க்க வேண்டும் என்பது முதலாளியின் புது உத்தரவு. காரை ஓரங்கட்டிவிட்டு, அட்டையை முன்னால் நீட்டியபடி அருள்பிரகாசம் ஓடிவந்தார்.

"மெதுவா போங்க சார். இன்னும் எட்டாவல!"

அவர் நம்பவில்லை, ஓடினார். பீப் சத்தம் கேட்டது. செங்குட்டுவன் இன்னொரு டீ சொன்னான்.