வீட்டுச் சாட்சி

மடிக்கணினித் திரையில் தன் முகம் தெரிந்ததும் அப்பா சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நாலு பேர் முன்னால் உட்கார்ந்தால் சீருடை நினைப்பு வந்துவிடும். சட்டக் கல்லூரியின் இணைய வகுப்பில் அன்று குறுக்கு விசாரணைப் பயிற்சி. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒருவரைச் சாட்சியாக உட்கார வைக்க வேண்டும் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். மகள் அப்பாவைக் கூப்பிட்டாள். "அவர எதுக்குடி? நான் வரேன்" என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அந்த வீட்டில் அப்பாவிடம் எதைக் கேட்டாலும் அம்மாதான் முந்திக்கொண்டு பதில் சொல்வாள். "உங்கப்பாவுக்கு வாடகை வாய் நான்தான்" என்று சிரிப்பாள். மகளும் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் வகுப்பின் விதி கறாரானது. சாட்சிக்கு யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. அம்மா மனசில்லாமல் வெளியே போனாள்.

கற்பனை வழக்குதான். மருந்துக் கடையில் திருட்டு. சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் ஓடியதை அப்பா பார்த்தார். மகள் கேட்டவற்றுக்கு, காலையில் சொல்லிக்கொடுத்தபடியே பிசகாமல் பதில் சொன்னார். அடுத்து எதிர்த்தரப்பு. நெட்டையன் என்று வகுப்பே கூப்பிடும் பையன்.

"கடைக்குத் தனியாவா போனீங்க?"

"இல்ல தம்பி. பாப்பாவக் கூட்டிட்டுப் போனேன்."

வழக்கில் பாப்பா கிடையாது. மகள் தாள்களைப் புரட்டினாள்.

"பாப்பான்னா யாரு?"

"என் பொண்ணு. நாலாவது படிக்கிறா. காய்ச்சல் அவளுக்கு."

நெட்டையனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"உங்களுக்கு எத்தன பிள்ளைங்க?"

"ஒன்னே ஒன்னு."

"அப்ப உங்க பக்கத்துல உக்காந்திருக்கிறது?"

அப்பா திரும்பினார். முன்பின் தெரியாதவர்களிடம் சிரிப்பது போல, மரியாதையாக, லேசாகச் சிரித்தார்.

"வக்கீலம்மா."

திரையெங்கும் கைதட்டல் படங்கள் மிதந்தன. "அங்கிள் பின்னிட்டாரு! வேஷத்த விடவே இல்ல பாரு!" என்றது ஒரு குரல். "சாட்சி குழம்பினா எப்படி இருக்கும்னு அழகா காட்டிட்டார். பதிவ எல்லாரும் இன்னொரு தடவ பாருங்க" என்றார் பேராசிரியை. "இப்ப மறுவிசாரணை. உன் சாட்சிய நீதாம்மா காப்பாத்தணும்."

அவளிடம் ஒரே கேள்விதான் இருந்தது.

"நான் உங்க பொண்ணுதானேப்பா?"

"அது கூடாதும்மா. பதில நீயே ஊட்டிவிடற. அவராச் சொல்லணும். வேற மாதிரி கேளு" என்றார் பேராசிரியை.

வேறு மாதிரி என்றால், நான் யார் என்றுதான் கேட்க வேண்டும். விதிப்படி அது சரியான கேள்வி. நாக்கு நுனி வரை வந்ததை அவள் விழுங்கினாள்.

"கேள்வி இல்ல மேடம்."

கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கதவைத் திறந்தால், அம்மா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"எப்பலேர்ந்தும்மா?"

"உன் பரீட்சை முடியட்டும்னுதான் இருந்தேன்டி."

கோபப்படத்தான் நினைத்தாள். ஆனால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே அப்பா இன்னும் திரையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நான் போலாங்களா?"

"போலாம்பா."

எழுந்தார். முதலில் அவர்கள் நின்ற கதவைப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த இன்னொரு கதவை. நாற்காலியின் முதுகில் கை வைத்தபடி, பொறுமையாக, யாரோ வந்து அழைத்துப் போவார்கள் என்பது போல நின்றுகொண்டிருந்தார்.