ஃப்ரிட்ஜ் கதவில் நாலு முக்கோணம்

1

இதில் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஃப்ரிட்ஜ் மேல் கை வைத்துச் சொல்கிறேன். (ஏன் ஃப்ரிட்ஜ் என்பது மூன்றாம் பகுதியில் தெரியும்.)

கதை பிறந்த விதம்: வேலைக்குக் கிளம்பும்போது மகள் சொன்னாள், "அப்பா, சாயங்காலம் வந்து கேட்பேன். கணக்குல கால், அரைன்னா என்னன்னு உங்க பேத்திக்குத் தெரியலைன்னா டியூஷன்ல சேர்த்துடுவேன்."

டியூஷன் நாலிலிருந்து ஆறு வரை. பேத்தி என்னோடு இருக்கும் நேரமே அதுதான்.

"நாற்பது வருஷம் நிலம் அளந்தவன்கிட்ட விட்டுட்டுப் போறே. கவலையில்லாம போ" என்றேன்.

2

தொடக்கம் ஒன்று: "கோடுகளால் ஆனது உலகம். அதில் ஒரு கிழவன்..." (எனக்கே கொட்டாவி வந்தது.)

தொடக்கம் இரண்டு: "புகழ்பெற்ற ஓவியனான நான்..." (சத்தியம் செய்து ஒரு பக்கம்கூட ஆகவில்லை.)

3

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஃப்ரிட்ஜ் கதவில் டேப் ஒட்டி நாலாகப் பிரித்து, காலுக்கு ஒரு நிறம் அடிப்பது என் திட்டம். ஓவியமும் ஆச்சு, கணக்கும் ஆச்சு. பேத்தி மூலைக்கு மூலை டேப்பை இழுத்துப் பெருக்கல் குறி போட்டாள். நாலு முக்கோணம். பக்கங்களில் இருந்தவை மட்டும் ஒல்லியாய், நெட்டையாய்.

"இது கால் இல்லடி. பக்கத்துல இருக்கிறது பெருசு."

"எல்லாம் ஒண்ணுதான் தாத்தா."

"நீ எத்தனை வயல் அளந்திருக்கே?"

"நீங்க எத்தனை ஃப்ரிட்ஜ் அளந்திருக்கீங்க?"

ஒரு தாளில் அதே குறியைப் போட்டாள். நெடுக்கிலும் குறுக்கிலும் நடுவில் மடித்தாள். எல்லாக் கோட்டிலும் வெட்டினாள். எட்டுத் துண்டு, முக்கோணத்துக்கு இரண்டு. சிலதைப் புரட்டிப் போட்டு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். மயிரிழை வித்தியாசமில்லை.

அப்படியானால் நான் அளந்த நிலமெல்லாம்... (இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாமென்று வக்கீல் மைத்துனர் சொல்கிறார்.)

நான் உடனே, பெருந்தன்மையோடு, தவறை ஒப்புக்கொண்டேன். (இந்தக் கிழவன் இவ்வளவு நல்லவனாக இருப்பது எனக்கே உதைக்கிறது. இருக்கட்டும்.) நாலு நிறமும் அடித்து முடித்தோம்.

4

மகள் வந்தாள். கதவைப் பார்த்து அவள் முதலில் சொன்னது எழுதத் தக்கதல்ல. பிறகு பேத்தியிடம் கேட்டாள்: "சரி, இந்த நாலும் சமமா?"

முடிவு அ: பேத்தி எட்டுத் துண்டையும் அடுக்கிக் காட்டுகிறாள். டியூஷன் ரத்து.

முடிவு ஆ: "தப்பாச் சொன்னது நான்தாம்மா" என்று தாத்தா எழுந்து நிற்கிறார். டியூஷன் ரத்து.

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வேண்டுமென்றாலும் நீங்களே எழுதிக்கொள்ளலாம். டியூஷன் ரத்தாக வேண்டும், அதில் மட்டும் பேரம் கிடையாது.

நிஜத்தில், மகள் கேட்டபோது பேத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பக்கத்துல இருக்கிறதுதாம்மா பெருசு" என்றாள், நானும் தலையாட்டினேன். இப்போது மணி நாலரை, அவள் டியூஷனில் இருக்கிறாள்.