தயவுசெய்து மிதிக்கவும்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2008-ல் ஒரு சாயங்காலம் விருத்தாசலம் பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். கரண்ட் போய்விட்டது. அந்த வருஷம் அது தினசரி வழக்கம். கம்மாபுரம் பக்கம் பூமியைத் தோண்டி நிலக்கரி எடுக்கிறார்கள். அதில் எடுத்த மின்சாரம் எங்கெங்கோ போகிறது. பக்கத்து ஊர்க்காரன் இருட்டில் பஸ் போர்டைத் தேடிக்கொண்டு நிற்கிறான். எனக்கு வயிறு எரிந்தது. அப்போது ஜனங்கள் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை கால்கள் தரையை மிதிப்பது வீணாகப் போகிறதே, இதில் ஒரு பல்பாவது எரியக்கூடாதா என்று தோன்றியது.

(நானே கண்டுபிடித்ததாக நினைத்துவிடாதீர்கள். அழுத்தினால் மின்சாரம் தருகிற ஒருவகைப் பீங்கான் உண்டு. வெளிநாட்டில் ரயில் நிலையத் தரையிலேயே பதித்துப் பார்த்திருக்கிறார்களாம்.)

பீங்கான் என்றதும் நம் விருத்தாசலம்தானே. இங்கே பொம்மை செய்வார்கள், ஜாடி செய்வார்கள், ஃபியூஸ் கேரியர் செய்வார்கள். மின்சாரம் கையில் அடிக்காமல் தடுக்கிற பீங்கான் அது. மின்சாரத்தைத் தடுத்தே பிழைத்த ஊரில் ஒருத்தி மின்சாரம் தருகிற பீங்கானைச் செய்யக் கிளம்பினால்? என் கையில் இருந்தது அவ்வளவுதான்.

2

அம்புஜவல்லி அதிகாலையில் எழுந்து சூளையின்…

[இல்லை. எல்லாக் கதையிலும் எல்லாரும் அதிகாலையில் எழுந்துகொண்டே இருக்கிறார்கள்.]

2, மறுபடியும்

அம்புஜவல்லிக்கு முப்பத்தைந்து வயது. பீங்கான் தொழிலில் டிப்ளமோ படித்தவள். ஊருக்கு வெளியே ஒரு ஷெட் எடுத்து ஃபியூஸ் கேரியர் செய்கிறாள். மின்வெட்டால் மண் அரைக்கிற மெஷின் பாதி நாள் சும்மா நிற்கிறது. கணவன் குருமூர்த்திக்குப் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. அங்கேயே அவளுக்கும் ஒரு வேலை பேசி வைத்திருக்கிறான். அவளோ மிதித்தால் விளக்கு எரிகிற ஒரு பீங்கான் பலகை செய்யக் கிளம்பியிருக்கிறாள்.

[முதல் பிரதியில் குருமூர்த்தியைக் கெட்டவனாக எழுதியிருந்தேன். கதை வழுக்கிக்கொண்டு ஓடியது. அதனாலேயே சந்தேகம் வந்து மாற்றிவிட்டேன். அவன் பொண்டாட்டியைப் பிரிந்து இருக்க முடியாத ஒரு சாதாரண மனுஷன்.]

"இத பாரு அம்புஜம். நீ செய்யற பலக பஸ் ஸ்டாண்டுல எரிஞ்சா நான் வாயே தொறக்க மாட்டேன். எரியலன்னா ஷெட்டு சாவிய குடுத்துட்டு எங்கூட வந்துடு. ரெண்டு வூடு, ரெண்டு அடுப்புன்னு எத்தினி நாளிக்கி?"

"சரிங்க" என்றாள் அம்புஜவல்லி.

சொல்லிவிட்டாளே தவிர, ஷெட் சாவியை முந்தானையில் இறுக்கி முடிந்துகொண்டாள். யாரையும் கேட்காமல் அவள் திறந்து மூடுகிற கதவு உலகத்தில் அந்த ஒன்றுதான். அதை விட்டுவிட்டு இன்னொருவர் கம்பெனி வாசலில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பதா?

3

பலகை தயாரானது. மின்சாரம் தருகிற வில்லைகளை வெளியூரிலிருந்து வரவழைத்தாள். அவற்றைத் தாங்குகிற பீங்கான் ஓடு அவளே சுட்டது.* ஷெட்டில் வைத்துச் செருப்புக் காலால் ஓங்கி மிதித்தாள். ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. ஓட்டைக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்கியெடுக்கிற வேலை பார்க்கும் காசியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன்மேல் குதித்தே பார்த்தாள்.

"எம்மாடியோ, எங்கிட்ட இம்புட்டு கரண்டு இருக்குதா!"

நகராட்சி இன்ஜினியர் கோதண்டபாணி நல்ல மாதிரி. பயணிகள் கூடத்தின் நுழைவாயிலிலேயே இடம் கொடுத்தார். "ஒரு வாரம் பாப்போம்மா. ஜனம் மிதிச்சு பேட்டரி ஏறணும். நான் வர்ற அன்னிக்கி சாயங்காலம் மேல இருக்கற குட்டி லைட்டு எரியணும். எரிஞ்சா பஸ் ஸ்டாண்டு முழுக்கப் போட நானே எழுதறேன்."

பதித்த அன்று காலையில்தான் அது நடந்தது. புதுச் சூளையென்றால் அதன் வாயில் மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டாமல் இந்த ஊரில் யாரும் தீ மூட்டுவதில்லை. காசியம்மாளுக்குப் பலகையும் சூளைக்குப் பிறந்த பிள்ளைதான். தண்ணீர் தெளித்துத் துடைத்தாள், மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள், எலுமிச்சம்பழம் அறுத்து வைத்துச் சூடம் ஏற்றினாள். அம்புஜவல்லியும் கைகூப்பிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இந்தக் கதையின் தப்பு இதுதான். எழுதும்போது எனக்கும் அது தப்பாகவே தெரியவில்லை.

*மின்சாரம் தெரிந்த நண்பர் ஒருவர் இந்த இடத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். ஒரு மிதிக்கு ஒரு சிமிட்டலுக்கு மேல் கிடைக்காதாம். ஆயிரக்கணக்கில் நடந்தால் குட்டி லைட் கொஞ்ச நேரம் எரியலாமாம். லாமா, எரியுமா என்று கேட்டேன். லாம் என்றார்.

4

கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு அம்மாள் நுழைவாயிலில் குங்குமத்தைப் பார்த்ததும் சட்டென்று நின்றாள். பின்னால் வந்த பையனின் தோளைப் பிடித்து இழுத்தாள். "டேய், பாத்து! மிதிச்சுடப் போற." இருவரும் சுவரோரமாக ஒண்டிப் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் ஒண்டிப் போனார்கள்.

மறுநாள் பலகையின்மேல் ஒரு செம்பருத்தி இருந்தது. அதற்கடுத்த நாள் சில்லறை விழுந்திருந்தது. அம்புஜவல்லி ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்தெடுத்தாள். விடிந்து பார்த்தால் புதுக் குங்குமம். யார் வைத்தது? காசியம்மாள் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. (நிச்சயமாகத் தெரிந்தவர்கள் துப்பறியும் கதை எழுதப் போகலாம்.)

அம்புஜவல்லி அட்டையில் கொட்டை எழுத்தில் "தயவுசெய்து மிதிக்கவும்" என்று எழுதி மாட்டினாள்.

"எவன்டா இத எழுதுனது? வெளங்குவானா அவன்?" என்று ஒரு பெரியவர் அட்டையைக் கழற்றித் தூர எறிந்தார். எழுதியவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அன்றைக்குக் கூட்டம் குறைந்த மத்தியான வேளையில் அவளே மிதித்துவிடலாம் என்று போனாள். உள்ளே இருப்பது என்ன என்று அவளுக்குத் தெரியாதா? ஒவ்வொரு கம்பியும் அவள் கையால் பற்ற வைத்தது. ஷெட்டில் எத்தனை முறை செருப்போடு மிதித்திருப்பாள். ஆனால் இப்போது பூவும் பொட்டுமாக அது அவளை நிமிர்ந்து பார்ப்பதுபோல இருந்தது. காலைத் தூக்கினாள். கால் போகவில்லை. செருப்பைக் கழற்றிப் பார்த்தாள். அப்போதும் போகவில்லை. அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

5

முடிவுக்காக நான் எழுதிப் பார்த்தவை:

ஒரு மாடு பஸ் நிலையத்துக்குள் புகுந்து பலகையின்மேல் நிற்கிறது. விளக்கு எரிகிறது. எல்லாரும் கைதட்டு… [சீ. அடித்துவிட்டேன்.]

பலகையைப் பெயர்த்து, பூசை போடாமல் வேறு வாசலில் பதிக்கிறாள். இதற்குக் காசியம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "பூச போட்டத பேத்தெடுப்பாங்களாம்மா? வூட்டுக்கு ஆவுமா?" அம்புஜவல்லி வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டாள். தான் கும்பிட்டதைத் தானே கடப்பாரையால் பெயர்க்கிற பெண்ணை எனக்கு எழுதவும் தெரியவில்லை.

சாவியைக் கொடுத்துவிட்டுப் புதுச்சேரி பஸ் ஏறுகிறாள். அங்கே கம்பெனி வாசலில்

[இதை எழுத மனசு வரவில்லை. அவள்மேல் பிரியம் வந்துவிட்டது.]

6

ஆகவே கடைசி நாளின் காலை இது. சாயங்காலம் கோதண்டபாணி வருகிறார். பேட்டரி காலி. முதல் ஆள் ஒருவர் மிதித்துவிட்டால் பின்னால் வருகிற கூட்டமும் மிதிக்கும், பொழுது சாய்வதற்குள் எப்படியும் ஏறிவிடும் என்று அம்புஜவல்லி நம்புகிறாள். அந்த நம்பிக்கை சரிதானா என்று என்னைக் கேட்காதீர்கள். மிதித்தால் நல்லதா, மிதிக்காமல் இருப்பது நல்லதா என்றே எனக்குக் குழம்பிக் கிடக்கிறது. நான் இந்த ஊர்க்காரன். சுவரோரமாகத்தான் போவேன்.

அதனால் உங்களைக் கூப்பிடுகிறேன். ஆமாம், உங்களைத்தான்.

நீங்கள் கூடத்துக்குள் நிற்கிறீர்கள், கையில் பை. வெளியே வேப்பூர் பஸ் உறுமிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்தால்தான் அங்கே சென்னை வண்டியைப் பிடிக்கலாம். வாசலில் சுவரோரமாக இரண்டு பக்கமும் மூட்டையும் ஆளுமாக அடைத்துக் கிடக்கிறது. நடுவே பலகை மட்டும் காலியாக இருக்கிறது, அதன்மேல் இன்று காலை வைத்த பூவோடு. அந்தப் பக்கம் காசியம்மாள் கும்பிட்ட கையோடு நிற்கிறாள். இந்தப் பக்கம் அம்புஜவல்லி. உங்கள் முகத்தை அவள் பார்க்கவில்லை.

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். அவள் உங்கள் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.