உள்ளே ஒருவருக்குத்தான் இடம்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என்னால் சும்மா உட்கார முடியவில்லை. கிரேக்க நாட்டு வோலோஸ் நகரத்தில் ஒரு மகப்பேறு மருத்துவமனை, இரண்டாம் மாடி, பிரசவ அறைக்கு வெளியே ஒரு நீல நாற்காலி. உள்ளே என் தங்கை எவந்தியா வலியில் கிடக்கிறாள். பிறக்காத குழந்தைக்கு எதையும் முன்கூட்டிச் செய்தால் கண் பட்டுவிடும் என்று இன்னும் தொட்டில்கூட வாங்கவில்லை. நான் என்னடாவென்றால் கதையே எழுதுகிறேன். [அம்மாவுக்குத் தெரிந்தால் என்னைத் தொலைத்துவிடுவாள்.]

முதல் வரி இப்படி இருந்தது: ஆகஸ்ட் வெயிலில் கடல் தகதகவென்று

வேண்டாம். கடலுக்கு இங்கே என்ன வேலை?

அடுத்தது: டூலா என்பவள் மருத்துவச்சி அல்ல. துண்டுப் பிரசுரம் மாதிரி இருக்கிறது. ஆனாலும் அதைச் சொல்லாமல் நகர முடியாது.*

(* டூலா பிரசவம் பார்ப்பதில்லை, மருந்து கொடுப்பதில்லை. வயிறு தெரியத் தொடங்கியதிலிருந்தே கூட இருப்பாள். வலி வந்தால் இடுப்பை அமுக்கிவிடுவாள், மூச்சுவிடச் சொல்லிக்கொடுப்பாள், பயந்தால் கையைப் பிடித்துக்கொள்வாள். எங்கள் கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்கு வேலைக்காரி என்று அர்த்தம். "பிரசவத்துக்கு வேலைக்காரியோட போறாளாம் மகாராணி!" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.)

2

விஷயத்துக்கு வருகிறேன். முதல் பிரசவத்தில் எவந்தியா, எனக்கு என்ன ஆகிறது என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். யாரும் சொல்லவில்லை. டாக்டர் அவள் தலைக்கு மேலாக அவள் கணவன் ஸ்டாதிஸிடம் பேசினார். அவனும் தலையாட்டினான். அறுத்து எடுத்தார்கள். அந்தக் குழந்தைக்கு இப்போது நாலு வயது, ஓடியாடுகிறது. என் தங்கைதான் அந்த மேசையிலிருந்து இன்னும் முழுதாக இறங்கவில்லை.

இந்த முறை அவள் கேட்பது ஒன்றே ஒன்று. அறுத்தாலும் சரி, அறுக்காவிட்டாலும் சரி, தன்னைக் கேட்டுச் செய்ய வேண்டும். அதற்காகத்தான் பொலிக்ஸேனி என்ற டூலாவை வைத்துக்கொண்டாள். இன்று காலை இதே கதவுக்கு முன்னால் தாதி கையை நீட்டித் தடுத்தாள்.

"கூட ஒருத்தர்தான். புருஷனா, அந்தம்மாவா?"

"பொலிக்ஸேனி," என்றாள் எவந்தியா, ஸ்டாதிஸின் முகத்தைப் பார்க்காமலேயே.

அப்போதிலிருந்து ஸ்டாதிஸ் என் முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறான்.

"புருஷன் நான் வெளிய, எவளோ ஒருத்தி உள்ள. நல்லா இருக்கா ஸ்மரோ, இது?"

"போன தடவை நீதானே உள்ள இருந்தே? என்னத்தக் கிழிச்சே?"

கேட்டிருக்கக் கூடாது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

3

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். பொலிக்ஸேனியை நான் அளவுக்கு மீறி நல்லவளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அடித்த வரி: அவள் கைபட்டதும் வலி பறந்தது. பொய். வலி எங்கேயும் பறக்கவில்லை. அலறல் இங்கே வரைக்கும் கேட்கிறது.]

இன்று உள்ளே இருக்கும் டாக்டர் கரானிகாவை வில்லியாக்கிவிடலாமா? ரொம்பச் சுலபம். பதினைந்தாம் தேதி மாதா திருநாள், ஊரே தீவுகளுக்குக் கிளம்பிவிடும். டாக்டருக்கும் நாளைக் காலை ஸ்கோபெலோஸ் தீவுக்குக் கப்பல். அதனால் ஆகஸ்டில் இந்த ஊரில் எந்த டாக்டர் கத்தியை எடுத்தாலும், கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று நாங்களே முடிவுகட்டிவிடுவோம். உண்மையிலேயே ஆபத்து என்றாலும் நம்பமாட்டோம். இப்போது நான் பயப்படுவது அதற்குத்தான்.

4

கதவு திறந்தது. வந்தது பொலிக்ஸேனி. தலையெல்லாம் வியர்வை.

"அறுத்துடலாம்ங்கறாங்க டாக்டர். குழந்தையோட நாடித்துடிப்பு இப்ப நல்லாத்தான் இருக்காம். வலிதான் முன்னேறலையாம்."

"டாக்டர் சொல்றது சரியா?" என்றேன்.

"எனக்குத் தெரியாதும்மா. அதைச் சொல்ல நான் யாரு? எவந்தியா இப்ப உங்களை உள்ள வரச் சொல்றா, ஸ்டாதிஸ். நீங்க போங்க. நான் வெளிய இருக்கேன்."

ஸ்டாதிஸ் பின்வாங்கினான். "என்னால முடியாது. வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே எல்லாத்துக்கும் சரின்னுடுவேன். நீங்களே போங்க."

"சரின்னு சொல்றதுக்கு உங்களைக் கூப்பிடல. அவளுக்கு மூச்சு வாங்குது, வாயத் தொறந்து கேக்க முடியல. அவளுக்காகக் கேளுங்க. ஏன் அறுக்கணும், பொறுத்தா என்ன ஆகும், வேற வழி இருக்கா. அவ்வளவுதான். வலி வந்தா முதுகுக்குக் கீழ, இங்க, உள்ளங்கையால அமுக்குங்க. அப்ப நீங்க வாயத் திறக்கவே கூடாது."

அவன் சட்டைக்கு மேலேயே அமுக்கிக் காட்டினாள். அவன் உள்ளே போனான்.

என் வரைவில் டூலாதான் கடைசிவரை உள்ளே இருந்தாள். இப்போது என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஒருத்தரை நடுவுல விட்டுட்டு வந்ததே இல்ல," என்றாள். "தப்புப் பண்ணிட்டேனோ?"

எனக்கு அவளை அப்போதுதான் பிடித்தது.

5

முடிவுகள்:

அ) பொறுக்கிறார்கள், சுகப்பிரசவம். [வாசகர்கள் கைதட்டுவார்கள். எனக்கு எழுதப் பயமாக இருக்கிறது.]

ஆ) அறுக்கிறார்கள். டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, எவந்தியா "செய்யுங்க" என்று தன் வாயாலேயே சொன்ன பிறகு. [இதுவும் நல்ல முடிவுதான். அம்மாவுக்குப் புரியாது.]

இ) பொறுத்ததே தப்பாகி, குழந்தை

இல்லை. இதை முடிக்கமாட்டேன்.

6

சற்று முன் கதவைச் சரியாகச் சாத்தாமல் ஒரு தாதி ஓடினாள். இடுக்கு வழியாக டாக்டரின் குரல்: "சீக்கிரம் சொல்லுங்க ஸ்டாதிஸ், ஆரம்பிக்கட்டுமா?"

பொலிக்ஸேனி என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். உள்ளே சத்தமே இல்லை. தலையாட்டிவிட்டான் பாவி என்றே நினைத்தேன்.

"என்கிட்ட கேக்காதீங்க டாக்டர்." குரல் உடைந்து வந்தது. "உடம்பு அவளோடது. இந்தப் பக்கம் வந்து, அவ முகத்தைப் பார்த்துக் கேளுங்க."

நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு டாக்டரின் குரல், தணிந்து: "எவந்தியா, நான் சொல்றது கேக்குதா?"

தங்கை என்ன பதில் சொன்னாள் என்பது என் காதில் விழுவதற்குள் யாரோ கதவைச் சாத்திவிட்டார்கள். அ, ஆ, இ, எது வேண்டுமோ நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இது கதை. எனக்கு உள்ளே இருப்பது என் தங்கச்சி.